வரைபடத்தில் விட்டுப்போன கடப்பு

அளவு நாடாவின் பித்தளை வளையம் என் கையில் இருந்தது. மறுமுனை, சீனத்தும்மா மாமியின் கிணற்றடியில் நின்ற உதவியாளரின் கையில்.

"இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போங்க தங்கச்சி. நாடா தொய்யுது" என்றார் அவர்.

பின்னுக்குப் போனேன். கிழக்கு வேலியில் தென்னோலைக் கிடுகு கட்டாத இடம் ஒன்று இருந்தது. அதற்குள்ளால் புகுந்து பக்கத்து வீட்டு வளவில் இரண்டடி வைத்து நின்றேன். நாடா இழுபட்டது. திரும்பவும் அதற்குள்ளாலேயே வந்து, வேலிக் கம்பில் வளையத்தை வைத்து அளவைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

அன்று பின்னேரம், நான் படவரைஞராக வேலை செய்யும் நில அளவை அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த வளவின் வரைபடத்தைக் கீறினேன். வீடு, குசினி, கிணறு, தென்னைகள், கிணற்றடியில் துணி தோய்க்கும் கல். எதையும் விடவில்லை. வேலை முடிந்ததும் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரி போடுவது என் பழக்கம். அன்றும் போட்டேன்.

கிழக்கு வேலியை ஒரே நேர்கோடாகக் கீறியிருந்தேன். இரண்டு தரம் நடந்து போன வழி அதில் இல்லை.

விற்கிற வீடு

'வீடு விற்பனைக்கு' என்ற பலகையை நான் முதன்முதலாகக் கண்டது கொழும்பில். தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் படிப்புக்காகப் போயிருந்த காலம். ஒரு வீட்டுக் கேற்றில் அது தொங்கியதைப் பார்த்து, அந்தக் குடும்பத்துக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தேன். விடுதித் தோழி சிரித்தாள். "ஏன், உங்கட ஊரில வீடு விக்கிறதில்லையா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லைதான்.

கல்முனைக்குடியில் வீடு கைமாறும், ஆனால் விலைக்கு அல்ல. பெண் பிள்ளைக்குக் கலியாணத்தோடு எழுதிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். உம்மாவும் வாப்பாவும் பின்பக்கத்து அறைக்கோ, அடுத்த மகளுக்கென்று அரைவாசி கட்டி நிற்கும் வீட்டுக்கோ நகர்வார்கள். எங்கள் வீடு மூத்தவளான ராத்தாவுக்குப் போனபோது எனக்குப் பதினேழு வயது. என் புத்தகப் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு முன்னறையிலிருந்து பின்னறைக்குப் போனேன். யாருக்கும் அது ஒரு செய்தியாக இருக்கவில்லை.

ஒரு வீடு எவ்வளவு தூரம் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தே அந்த வீட்டுப் பெண் பிள்ளையின் வயதைச் சொல்லிவிடலாம். அத்திவாரத்தில் புல் முளைத்திருந்தால் பிள்ளை குர்ஆன் ஓதப் போகிற வயது. சுவர் எழும்பிக் கூரை இல்லாமல் நின்றால் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்பு. ஓடு போட்டு, சுவர் பூசி, ஜன்னலுக்குச் சாயமும் அடித்திருந்தால் கலியாணப் பேச்சு நடக்கிறது என்று பொருள். சூறாவளி அடித்த வருடம் ஓடுகளோடு சில கலியாணங்களும் தள்ளிப் போயின.

வாடகைக்கு இருப்பவர்கள் பிரதான வீதி ஓரத்தில் மட்டும்தான்: இடமாற்றத்தில் வந்த வங்கி உத்தியோகத்தர்கள், தாதிமார், ஆசிரியர்மார். கடற்கரைக்கு இறங்கும் குறுகிய ஒழுங்கைகளுக்குள் வாடகை என்ற சொல்லே கிடையாது.

ஒழுங்கையின் பட்டியல்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் ஒழுங்கைக்கு வடிகான் வெட்டுவதற்காக வீடு வீடாகப் பெயர் எழுதும் வேலை வந்தது. படிவத்தில் முதல் கட்டம், உரிமையாளர்.

மூன்றாம் வீட்டில் ஒரு பெரியவர் சாய்மனைக் கதிரையில் இருந்தார். "என்ட பேர எழுதுங்க. உதுமாலெவ்வை."

கதவுக்குப் பின்னாலிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. "ஆர்ர வீட்டுக்கு ஆர்ர பேர எழுதுற? நீங்க நிந்தவூரால ஒரு தகரப் பெட்டியோட வந்த ஆள்."

பெரியவர் அசையவில்லை. "அப்ப அவட பேர எழுதுங்க தங்கச்சி. வடிகான் வெட்ட ஆள் கேட்டா மட்டும் என்ட பேரச் செல்லுங்க."

அன்று பெயர்களை எழுதிய கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. முதலாம் வீடு துணிக்கடைக்காரர், அக்கரைப்பற்றிலிருந்து வந்தவர். இரண்டாம் வீட்டு மாப்பிள்ளை சம்மாந்துறை. அறுவடை முடிந்தால் விறாந்தையில் கால் வைக்க இடமின்றி நெல் மூட்டைகள் இருக்கும். ஐந்தாம் வீட்டுக்கு மருதமுனையிலிருந்து வந்தவர் கைத்தறியையும் கூடவே கொண்டு வந்துவிட்டார். அந்த வீட்டில் பேசுவதென்றால் தறி நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். கடற்கரையை நெருங்க நெருங்க வலையும் கருவாட்டு வாசமும். ஆண்கள் எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள். பெண்கள் எல்லாரும் பிறந்த வளவிலேயே இருப்பவர்கள்.

கொப்பியின் ஓரத்தில் கிணறுகளையும் குறித்திருந்தேன். வீதிப் பக்கம் நல்ல தண்ணீர். கடல் பக்கம் உவர். சீனத்தும்மா மாமியின் கிணறுதான் கடைசி நல்ல தண்ணீர்க் கிணறு. அவருக்குக் கிழக்கே உள்ள வளவு அவருடைய தங்கை ஆசியா உம்மாவுடையது. அங்கே இரண்டு இடத்தில் தோண்டிப் பார்த்தும் உவர்தான் வந்தது.

அவர்களுடைய வாப்பா ஒரே வளவை இரண்டாகப் பிரித்து இரண்டு மகள்மாருக்கும் கொடுத்தவர். நடுவில் கிடுகு வேலி போட்டு, வேலியில் ஆள் போகுமளவுக்கு ஓர் இடைவெளி விட்டார். அதைத்தான் எங்கள் ஊரில் கடப்பு என்போம். பெண்கள் வீதியில் இறங்காமலே வளவுக்கு வளவு போய்வருவது அதனால்தான். எங்கள் வீடு ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கம். சிறு வயதில் ஓதப் போனது சீனத்தும்மா மாமியின் முற்றத்தால் நுழைந்து, அந்தக் கடப்பால்.

நாலும் ஆம்பிளை

சீனத்தும்மா மாமிக்கு நாலு பிள்ளைகள். நாலும் ஆண். ஒவ்வொருவராக மனைவிமாரின் ஊருக்குப் போய்விட்டார்கள். மாமாவும் மவுத்தாகி, மாமி தனித்துவிட்டார். பெண் பிள்ளை இல்லாத வீடு அது ஒன்றுதான். ஆகவே எங்கள் ஒழுங்கையில் விலைக்கு வரக்கூடிய வீடும் அது ஒன்றுதான்.

என் வாப்பா ஆசிரியர். சம்மாந்துறைப் பக்கம் இருந்த ஒரு துண்டு வயலை விற்று அந்த வீட்டை எனக்காக வாங்கினார். எங்கள் அலுவலகம்தான் அளந்தது. வரைபடம் என் கையால் கீறியது. அதை வைத்து நொத்தாரிசு உறுதிப் பத்திரம் எழுதினார்.

உறுதி முடிந்த மறுநாள் மாமி தங்கையின் வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். கட்டில், இரண்டு குடம், ஒரு பெட்டி, கோழிக்கூடு. எல்லாம் கடப்பு வழியாகத்தான் போயின. கோழிக்கூட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு போனது நான்.

"வீட்ட வித்தும் ஊரால போகல்லகா நான். வேலிக்கு அங்கால போறன். அவ்வளவுதான்" என்றார்.

அடுத்த நாள் காலையில் வழக்கம்போலக் குடத்தோடு வந்து தண்ணீர் அள்ளினார். கேட்கவுமில்லை, நாங்கள் சொல்லவுமில்லை. அது கேட்டுச் செய்கிற காரியம் அல்ல.

நாலு பக்கமும் மதில்

வீடு வந்ததும் கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை சாய்ந்தமருது, நீர்ப்பாசன வேலையில் இருப்பவர். அவருடைய உம்மா வீட்டைப் பார்க்க வந்தார். நல்ல பருத்த உடம்பு, மெதுவான நடை. சுவரைத் தட்டினார். கூரையை அண்ணாந்து பார்த்தார். கிணற்றில் ஒரு வாளி அள்ளி, வாயில் விட்டுப் பார்த்து, "தண்ணி நல்லாயிரிக்கி" என்றார்.

பிறகு வேலியைப் பார்த்தார். "கிடுகு வேணா. நாலு பக்கமும் மதில் கட்டித் தாங்க. மறுகாதான் கலியாண நாள் வைப்பம்."

சவூதிக்கும் குவைத்துக்கும் ஆட்கள் போகத் தொடங்கிய பிறகு மதில் இல்லாத கலியாணம் குறைந்துவிட்டது. வாப்பா ஓம் என்றார்.

கல் இறக்கி, மணல் கொட்டி, வேலை தொடங்க இருந்த கிழமையில் ஆசியா உம்மாவின் கணவர் மவுத்தானார். காலையில் கடைக்குப் போனவரை நண்பகலில் தூக்கி வந்தார்கள். மதில் வேலையை ஒரு மாதம் நிறுத்தினோம்.

ஆசியா உம்மா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருப்பது எங்கள் மார்க்கம். ஐந்து நேரத் தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒழுச் செய்யத் தண்ணீர் வேண்டும். குளிக்க, குடிக்க, சமைக்க வேண்டும். அத்தனையையும் சீனத்தும்மா மாமிதான் முழங்கால் நோவோடு எங்கள் கிணற்றிலிருந்து கடப்பு வழியாகச் சுமந்தார்.

நூல்

ஆதம்பாவா மேசன் மூலைக்கு மூலை முளை அடித்து நூல் கட்டினார். கிழக்குப் பக்க நூல் கடப்புக்குக் குறுக்காகப் போனது, இடுப்பளவு உயரத்தில். நான் வரைபடத்தோடு பக்கத்தில் நின்றேன்.

சீனத்தும்மா மாமி குடத்தோடு வந்து நூலில் முட்டி நின்றார். "இத உயத்துங்க மேசன். குடம் படுது."

"நூலுக்குக் கீழால குனிஞ்சி போங்க மாமி."

"இண்டைக்கு நூலுக்குக் கீழால. நாளைக்குக் கல்லுக்குக் கீழாலயும் குனியவா?"

மேசன் தலையைச் சொறிந்தார். "நான் என்ன செய்ய? பிளானில கடப்பு இல்லயே."

"ஆர் கீறின பிளான்?"

மேசன் என்னைப் பார்த்தார். மாமியும் பார்த்தார். குடத்தை மணலில் வைத்தார்.

"நீயாகா கீறின? ஓதப் போகக்குள்ள இதுக்குள்ளாலதானே ஓடின. அந்தக் கம்பில உன்ட தாவணி கிழிஞ்சி நான்தானே தெச்சித் தந்த."

மேசனிடம் கிழக்குப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்று பக்கத்தையும் தொடங்கச் சொன்னேன்.

மறுநாள் அலுவலகத்தில் சர்வேயர் ஐயாவிடம் போனேன். பாண்டிருப்பைச் சேர்ந்தவர், அதிகம் கதைக்காதவர். வரைபடத்தை விரித்து நடந்ததைச் சொன்னேன்.

"நிலத்தில இருக்கிறதக் கீறுறதுதான் எங்கட வேலை. இத நீங்க காணல்லையா பிள்ளை?"

"கண்டன் ஐயா. நாடாவ அதுக்குள்ளாலதான் கொண்டு போனன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார். "அப்ப கண்ணில பிழை இல்ல" என்றார். பிறகு, "திருத்தின பிளான் ஒண்டு கீறலாம். வழி உரிமையெண்டு போட்டு உறுதியும் எழுதலாம். ஆனா வாங்கினவர் சம்மதிச்சுக் கையெழுத்து வைக்கணும்."

வாங்கினவர் என் வாப்பா.

வாப்பா வரைபடத்தை விரித்துப் பார்த்தார். "மதிலில ஓட்டை விட்டா மாப்பிள்ள வீட்டார் என்ன செல்லுவாங்க மகள்?"

"தெரியா வாப்பா."

"இதால கலியாணம் நிண்டு போனா?"

"வீடு இரிக்கும்தானே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வயல் போனதை நினைத்திருப்பார். அந்த மாப்பிள்ளையை ஒரே ஒரு தரம் தூரத்தில் பார்த்திருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது.

"மாப்பிள்ளைட உம்மாவோட நீயே கதை. எனக்கு ஏலா" என்றார் வாப்பா.

குடத்தோடு ஒரு பெண்

எனக்குக் கலக்கம் வந்தால் பட்டியல் போடுவேன். ஒரு நாள் லீவு போட்டு, அதிகாலைச் சுபஹ் தொழுகையிலிருந்து இரவு இஷா வரை கடப்பு வழியாக யார் போகிறார்கள், என்ன கொண்டு போகிறார்கள் என்று எழுதினேன்.

தண்ணீர், பல தரம். அடுப்புக்கு நெருப்புக் கொள்ளி. ஒரு கோப்பை புளியாணம். கறிவேப்பிலை. இருமுகிற பிள்ளை ஒன்று, ஓதிப் பார்க்க. ஒரு சண்டை, அது பின்னேரம் அசருக்குப் போய் அந்தி மஃரிபுக்கு முன் சமாதானமாகித் திரும்பியது. சீனத்தும்மா மாமியின் கோழிகள் விற்ற வீட்டில்தான் இன்னும் முட்டையிட்டன. அவற்றையும் எழுதினேன்.

நேரங்களையும் குறித்தேன். சுபஹ் தொழுகை முடிந்து வெயில் வரும் வரை ஒருவரும் வரவில்லை. மஃரிபுக்குப் பிறகு ஒரே ஒரு ஆள்தான்.

பிறகு அகலம். கதவு, படி, ஜன்னல் எல்லாவற்றுக்கும் எங்கள் பாடப் புத்தகத்தில் அளவு இருந்தது. இடுப்பில் குடம் வைத்த பெண்ணின் அகலம் இல்லை. சீனத்தும்மா மாமியைக் குடத்தோடு நிற்க வைத்து நாடா பிடித்தேன்.

"மையத்துக்குக் குழி வெட்ட அளக்கிற மாதிரி அளக்காத புள்ள" என்றார்.

இரண்டடி ஒன்பது அங்குலம். மூன்றடி என்று போட்டேன்.

மாமி வந்தார்

மேசன் என் புதிய வரைபடத்தின்படி கிழக்கு மதிலை இடுப்பளவுக்கு எழுப்பியிருந்தார், நடுவில் மூன்றடி விட்டு. செய்தி சாய்ந்தமருதுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் உம்மா வந்தார். அன்று ஆசியா உம்மாவின் கணவருக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதல்.

"இது என்ன?"

"கடப்பு மாமி."

"நான் நாலு பக்கமும் மதில் கேட்டன்."

"நாலு பக்கமும்தான் கட்டுறம். இதில மட்டும் ஆள் போற வழி."

அவர் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"எனக்கு ஒரே மகன். அவன உங்கட வளவுக்கு அனுப்புறன். நான் கூட வர ஏலா. அவன் இந்தக் கிணத்தடியில குளிக்கக்குள்ள ஊர்ப் பொம்புளயள் குடத்தோட வந்து நிண்டா அவன் எங்க போற? வாய் திறந்து செல்லவும் மாட்டான். ஈரத்தோட நிப்பான்."

அது நியாயமான கவலை. என் பட்டியலில் அதை நான் யோசித்திருக்கவில்லை. ஆனால் அதற்கான பதில் பட்டியலில் இருந்தது. கொப்பியை எடுத்து வந்து காட்டினேன்.

"சுபஹுக்குப் பிறகு வெயில் வாற வரைக்கும் ஒருத்தரும் வாறல்ல. மஃரிபுக்குப் பிறகு ஒரே ஒரு ஆள்தான். ஆம்புள குளிக்கிற நேரம் அது ரெண்டும். கிணத்தடியில இந்தப் பக்கம் ஒரு மறைப்புச் சுவரும் வெக்கிறன். கீறிட்டன், பாருங்க."

அவர் கொப்பியைக் கையில் வாங்கினார். "சண்டையையும் எழுதியிரிக்கியா?"

"ஓம் மாமி."

கொப்பியை மூடித் தந்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "மவுத்தான வீட்டுக்குப் பக்கத்தில வந்து அந்தப் பொம்புளைக்கு முகம் காட்டாமப் போறது சரியில்ல" என்று எழும்பினார்.

முன்வாசலால் ஒழுங்கைக்கு இறங்கினார். நானும் கூடப் போனேன். ஆசியா உம்மாவின் வாசலில் பந்தல். கத்தத்துக்கு வந்த ஆண்கள் ஒழுங்கையை அடைத்துப் பாயில் இருந்தார்கள். ஒன்றாக இருந்து உண்ணும் சோற்றுத் தாலமான சஹனை வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவால் போவதற்கு வழியில்லை. சாய்ந்தமருது மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி நடந்தார். எங்கள் முற்றத்துக்கு வந்து, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"உள்ளால போக வேற வழி இரிக்கா?"

"இரிக்கி மாமி" என்றேன்.

கடப்பைப் பார்த்தார். கொஞ்சம் பக்கவாட்டாகத் திரும்பி அதற்குள்ளால் போனார்.

கன நேரம் அங்கே இருந்தார். நான் கிணற்றடியில் நின்று அவர் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தபோது கையில் சஹன் சோற்றுப் பொட்டலம். கடப்பில் வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேசன் எங்க?"

ஆதம்பாவா மேசன் ஓடி வந்தார்.

"மூண்டடி ஆருக்குக் காணும்? கை உரசிட்டு. நாலடியா வைங்க."

நாலு மாதமும் பத்து நாளும்

திருத்திய வரைபடத்தில் கிழக்குக் கோட்டை உடைத்து நாலடி விட்டேன். குறிவிளக்கத்தில் அதற்கென்று ஓர் அடையாளம் இல்லாததால், 'கடப்பு' என்று எழுத்திலேயே எழுதினேன். வாப்பாவும் சீனத்தும்மா மாமியும் நொத்தாரிசின் முன்னால் கையெழுத்து வைத்தார்கள். மாமிக்கு எழுதத் தெரியாது, விரலடையாளம். பெருவிரல் மையைத் தன் தாவணியில் துடைக்காமல் என் தாவணியில் துடைத்தார்.

ஆசியா உம்மாவின் இத்தா முடிந்தது, என் கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது. வீதிக்கும் கடைக்கும் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்றான அந்தக் காலையில் அவர் முதலில் வந்தது எங்கள் கிணற்றுக்கு. இடுப்பில் குடம். அவர் கடைசியாகப் பார்த்தபோது அது வேலி. மதிலை இப்போதுதான் பார்க்கிறார்.

கடப்புக்கு நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். குடமும் படவில்லை, முழங்கையும் படவில்லை.

"என்னத்துக்குப் புள்ள இவ்வளவு அகலம்? மாடா வரப்போகுது?"

"அது சாய்ந்தமருது மாமிட அளவு" என்றேன்.

அவருக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. பிறகு சிரித்தார். குடத்தைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினேன்.